ராகு காலம் பார்த்த பிரிண்டர்

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வருகிற வசவுகளுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. வில்லியனூர், பாகூர் பக்கத்து ஆபீஸ்களில் எங்கள் கம்பெனி வைத்திருக்கிற பிரிண்டர்களுக்கெல்லாம் நான்தான் சர்வீஸ். ஸ்கூட்டியின் முன்னால் டூல் பை, பின்னால் டோனர் டப்பா. முதல் தடவை போகிற இடத்திலெல்லாம் "மெக்கானிக் வரலையாம்மா?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு மூடியைத் திறந்துவிடுவேன்.

அந்தக் காலத்தில் பிரிண்டர் கெட்டால் போன் வரும், போய்ச் சரிசெய்வேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனிக்குப் புத்தி வந்தது, அதாவது இருந்த புத்தி போயிற்று. எல்லாப் பிரிண்டரையும் நெட் வழியாகச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டரோடு கோத்துவிட்டார்கள். எது எப்போது பேப்பர் இழுக்கிறது, எப்போது சும்மா இருக்கிறது எல்லாம் அங்கே போகும். அதையெல்லாம் படித்து, எந்தப் பிரிண்டர் என்றைக்குக் கெடப் போகிறது என்று அந்தக் கம்ப்யூட்டரே சொல்லுமாம். கெடுவதற்கு முன்பே நான் போய்ப் பார்ட்ஸ் மாற்ற வேண்டுமாம். தவளக்குப்பத்தில் ஒரு ஓட்டல் மாடியில் எங்களை உட்காரவைத்துச் சென்னை இன்ஜினீயர் ஒருத்தர் விளக்கினார்.

"இது மெஷின் லேர்னிங் மேடம். தானாவே கத்துக்கும்."

"யாருகிட்டேர்ந்து சார் கத்துக்கும்?" என்று கேட்டேன்.

"டேட்டாகிட்டேர்ந்து."

அந்த டேட்டா யாருடையது என்று கேட்பதற்குள் கேசரி வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து என் போனில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று புள்ளிகள் மினுக்க ஆரம்பித்தன. பச்சை என்றால் ஆரோக்கியம், சிவப்பு என்றால் போகிற உயிர். வில்லியனூர் பக்கம் ஒரு ஆபீஸில் மூடி நிற்காமல் சைக்கிள் டியூபால் கட்டிவைத்திருந்த பிரிண்டர் ஒன்று உண்டு. பத்துப் பேப்பர் போட்டால் நான்கைக் கிழித்துத் துப்பும். பேப்பர் சிக்கினால் சொல்ல வேண்டிய சென்சாரில் அந்த ஆபீஸ் பியூன் அட்டையை மடித்துச் செருகி அதன் வாயை அடைத்துவிட்டதால், சென்னைக் கணக்குப்படி அதற்கு ஒரு குறையும் இல்லை. என் போனில் அது மரகதப் பச்சை. அதைச் சரிசெய்ய எனக்கு அனுமதி கிடையாது, ஏனென்றால் அது நல்லா இருக்கிறது. எனக்கு வாயில் நன்றாக வந்தது.

இதற்கு நேர்மாறு குருவிநத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு விவசாயிகள் சங்க ஆபீஸ். ஒரே அறை. ஒரு கம்ப்யூட்டர், ஸ்கேனும் செய்கிற ஒரு பிரிண்டர். சங்கச் செயலாளர் என்று ஒரு பெரியவர், ஆபரேட்டர் என்று ஒரு பெண். விதைநெல் சீட்டு, உரச் சீட்டு எல்லாம் அவள் கையால்தான் வெளியே வரும். அவளுடையது தற்காலிக வேலை, வருஷா வருஷம் மேலிடத்திலிருந்து நீட்டிப்பு ஆர்டர் வர வேண்டும். இரண்டு பிள்ளைகள், கட்டிலோடு கிடக்கிற மாமனார், ஊரில் இல்லாத புருஷன். அந்த நாற்காலி போனால் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். சிரிப்பாளே தவிர, ஆர்டர் வருகிற மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிட மாட்டாள்.

அவளுடைய பிரிண்டர் தங்கம். துடைத்து, துணி போர்த்தி, கோயில் மாதிரி வைத்திருப்பாள். அது என் போனில் ரத்தச் சிவப்பு.

முதலில் டோனர் மாற்றச் சொன்னது. மாற்றினேன். அடுத்த வாரம் ரோலர். அதற்கடுத்து பவர் போர்டு. "நல்லா ஓடுதுக்கா, இன்னாத்துக்கு சும்மா சும்மா கழட்டுற?" என்று அவள் அழாத குறையாகக் கேட்பாள். "எனக்கு மட்டும் வேண்டுதலாடி? சென்னையில சொல்றான்" என்று நான் எரிந்து விழுவேன். மூன்று மாதத்தில் அந்தப் பிரிண்டரில் பழைய பொருள் என்று மிஞ்சியது மேல்மூடியும் அதில் அவள் வைத்த குங்குமப் பொட்டும்தான்.

கடைசியில் ஒரு நாள் போனில் தீர்ப்பு வந்தது: இந்த இயந்திரம் தினமும் ஒன்றரை மணி நேரம் செத்துப் பிழைக்கிறது, குணப்படுத்த முடியாது, திரும்ப எடுத்துக்கொள்ளவும். மாற்று இயந்திரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செயலாளரிடம் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரிண்டரே இல்லன்னா ஆபரேட்டர் இன்னாத்துக்குன்னு மேல கேப்பாங்கம்மா. இந்த வருசம் நீட்டிப்பு குடுக்க மாட்டாங்க" என்றார். அவள் பிரிண்டருக்குத் துணியைப் போர்த்தினாள். என் கையால் இதைத் தூக்கிக்கொண்டு போனால் அந்தப் பாவம் எனக்குத்தானே?

சென்னை இன்ஜினீயருக்குப் போன் போட்டேன். அவர் ரொம்பப் பெருமையாகப் பேசினார். இந்த மாதிரித் துல்லியமான நோயை அவர்கள் பார்த்ததே இல்லையாம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்தில் பிரிண்டர் ஓய்ந்துபோகிறதாம். அதை எந்த மனுஷனாலும் கண்டுபிடித்திருக்க முடியாதாம், கம்ப்யூட்டர் தானாகக் கற்றுக்கொண்டதாம். படமும் அனுப்பினார். செவ்வாய் இரண்டு ஐம்பது முதல் நாலு இருபது. வியாழன் ஒன்று இருபது முதல் இரண்டு ஐம்பது. வெள்ளி பத்து இருபது முதல் பதினொன்று ஐம்பது. திங்கட்கிழமை மட்டும் பரிபூரண சுகம்.

திங்கட்கிழமை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. திங்கள் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. அப்போது ஆபீஸே திறந்திருக்காது.

"ஏண்டி, ராகு காலத்துல நீ பிரிண்ட் போட மாட்டியா?"

"யாரு போடுவா? போட்டாலும் யாரு வாங்குவா?" என்றாள், நான் என்னவோ அசிங்கமாகக் கேட்டுவிட்ட மாதிரி. "ஒருத்தருக்கு ராகு காலத்துல விதைச் சீட்டு குடுத்துட்டு, அவுரு கொல்லையில மோட்டார் வெந்துபோச்சுன்னு வூட்டு வாசல்ல வந்து சண்டை போட்டாருக்கா. அதுலேர்ந்து எல்லாத்தையும் தட்டி வெச்சிக்கினு, முடிஞ்சதும் மொத்தமா போடுவேன்."

அடி பாவி! உன் ராகு காலத்துக்கா நான் பவர் போர்டு மாற்றினேன்? தலையில் அடித்துக்கொண்டேன். கோபத்துக்கு நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் படமெடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். இன்ஜினீயர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "காலண்டர்ல வெள்ளிக்கிழமை பத்தரை டு பன்னெண்டு போட்டிருக்கு. நம்ம டேட்டாவுல பத்து நிமிஷம் முன்னாடியே வருதே மேடம்?" என்றார். நான் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆபீஸில் யாரும் கடைசி பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று செயலாளர் எப்போதோ அதைப் பத்து நிமிஷம் வேகமாக வைத்துவிட்டார். அதைச் சரியாக வைக்கிறேன், வைக்கிறேன் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டும் இருந்தார். அந்த ஆபீஸில் எல்லாம் அந்தக் கடிகாரப்படிதான், ராகு காலம் உட்பட. இதையும் சொன்னேன். மறுமுனையில் ஏதோ செருமல் கேட்டது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

எப்படியோ தீர்ப்பு ரத்தானது. பிரிண்டர் பச்சைக்கு வந்தது. "இனிமே அந்த நேரத்தை ஓய்வு நேரம்னு மெஷினே எடுத்துக்கும்" என்று இன்ஜினீயர் சொன்னார். நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்கூட்டி தவளக்குப்பத்தில் பஞ்சர். அதைக் கடையில் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, மீதி தூரம் நடந்து, எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு அந்த ஆபீஸுக்குள் நுழைந்தேன். அவள் கம்ப்யூட்டர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவளுடைய நீட்டிப்பு ஆர்டர் அப்போதுதான் மெயிலில் வந்திருந்தது. பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, செயலாளர் சீல் வைத்து, ஸ்கேன் செய்து பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வேலை வேண்டாம் என்று அவளே சொன்னதாக எடுத்துக்கொள்வார்களாம். போனில் எடுத்த போட்டோ செல்லாதாம். என் போனில் மணி பதினொன்று இருபது.

"போட்டுட்டியா?"

"போட்டேங்கா. வர மாட்டேங்குது."

"ராகு காலம்டி இப்ப."

"ராகு காலமாவது எமகண்டமாவது! எம்புள்ளைங்க சோறுக்கா அது! ராகு காலம் பாத்தா எனக்கு வேலை இருக்குமா? நீ ஓட வைக்கா!" என்று கத்தினாள்.

பிரிண்டரின் சின்னத் திரையில் 'ஓய்வு நேரம்' என்று எழுதியிருந்தது. அணைத்துப் போட்டேன். ஓய்வு நேரம். நெட் வயரைப் பிடுங்கினேன். சென்னையோடு தொடர்பு இல்லாமல் மூச்சே விட மாட்டேன் என்றது. திரும்பச் செருகினேன். ஓய்வு நேரம். இத்தனை நாளாக அவள் ராகு காலம் பார்த்தாள், அது சும்மா இருந்தது. இன்றைக்கு அவள் பார்க்கவில்லை, அது பார்க்கிறது! பக்கவாட்டில் ஓங்கி ஓர் அறை விட்டேன். உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம்.

இன்ஜினீயருக்குப் போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறார். ஊரில் இருந்த ஒரே ஜெராக்ஸ் கடைக்காரர் மச்சினிக்கு வளைகாப்பென்று கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். பாகூருக்குப் போகலாமென்றால் என் வண்டி பஞ்சர், செயலாளர் வண்டியை அவர் மகன் எடுத்துப் போயிருந்தான். அவர் வாசலில் நின்று ரோட்டில் போகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டினார். ஒரு கரும்பு டிராக்டர் மட்டும் நின்றது. அது எதிர்ப் பக்கம் போகிறது.

பதினொன்று முப்பத்தைந்து. நாற்பது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தப்பு என்மேலதாங்கா. நான்தான் அதுக்குக் கத்துக் குடுத்தேன்" என்றாள். காலண்டரைப் படமெடுத்து அனுப்பிய மகராசி நான். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தப் பூட்டே வந்திருக்காது. அவள் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்தேன். திட்டுவதற்கு எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

அப்போது பிரிண்டர் உறுமியது.

உள்ளே ஏதோ சுழன்றது, விளக்கு பச்சையானது, பேப்பரை இழுத்தது. நான் எதையும் தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை. போனைப் பார்த்தேன், பதினொன்று ஐம்பது. சுவரைப் பார்த்தேன். செயலாளரின் கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு.

அது படித்தது பஞ்சாங்கம் இல்லை, எங்கள் சுவரை! சென்னைக்காரர் கடிகாரத்தைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாரோ அழுதாரோ, அந்த இரும்புப் பெட்டி மட்டும் இத்தனை மாதமாக அவள் எப்போது நிறுத்தினாள், எப்போது தொடங்கினாள் என்று நிமிஷம் பிசகாமல் கற்று வைத்திருக்கிறது.

"சார், ஓடியாங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் செருப்போடு உள்ளே வந்தார். கையெழுத்து, சீல், ஸ்கேன். அவள் அனுப்புகிற பொத்தானை என்னை அழுத்தச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன், அவளைத்தான் அழுத்தவைத்தேன். பதினொன்று ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்தது.

அவள் அந்தப் பேப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது? செயலாளர் மட்டும் இப்படியும் அப்படியும் நடந்தார். அவருக்கும் ஏதாவது செய்தாக வேண்டும்போல இருந்திருக்கும்.

"எல்லாம் இந்த நேரக் கொழப்பந்தாம்மா. இன்னிக்கே இதைச் சரியா வெச்சிடுறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கடிகாரத்துக்குக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க சார்!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினோம். அவர் ஸ்டூலோடு ஆடிப்போனார்.

அவள் எழுந்து போய் அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, பிரிண்டர் மேலிருந்த பொட்டிலிருந்து கொஞ்சம் குங்குமத்தை வழித்து, தானே ஸ்டூலில் ஏறி, கடிகாரத்தின் கண்ணாடியில் பன்னிரண்டுக்கு மேல் வைத்தாள்.