படங்குச் சாக்குக் கட்டிய பி.ஏ.

காலில் கடித்து ஒட்டிய அட்டையைக் கையால் பிடுங்கிய முட்டாள் நான். திருச்சியில் பி.ஏ. முடித்து, வேலை தேடி இலங்கைக்குக் கப்பலேறி வந்தவன், டிக்கோயாவில் ஒரு தோட்டத்துத் துரையைப் பார்க்கத் தேயிலைக்குள் குறுக்கே நடந்தேன். பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. வெள்ளைக் கால்சட்டை சிவந்துவிட்டது.

கொழுந்து பறித்த அக்கா ஒருவர் சிரித்தார். "சுண்ணாம்பு வச்சா தானா விழுமே தம்பி! திரும்பிப் போயிருங்க."

"மாட்டேங்க்கா. இன்னைக்கு விட்டா வேலை கெடைக்காது."

செடியின் ஈரம் படாமலிருக்கத் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, ரத்தக் கறை தெரியாதபடி எனக்குக் கட்டிவிட்டார். அந்தக் கோலத்தைக் கண்ட துரை விழுந்து விழுந்து சிரித்தார். பறித்த கொழுந்தை நிறுத்து, எடைக்கேற்பக் கூலி எழுதும் வேலையும் கொடுத்தார்.

மாலையில் அக்கா நனைந்த சேலையோடு நின்றார். சாக்கைக் கொடுத்து, "இதுக்கு நான் என்ன செய்யணும்க்கா?" என்றேன்.

"கொழுந்த சரியா நிறுங்க, ஐயா."