அடுக்களைக்கு ஒரு சன்னல்

வீட்டை நாள்கூலிக்கு ஆள் வைத்துக் கட்டுவதா, மொத்த வேலையையும் ஒருவரிடம் கரார் எழுதி ஒப்படைப்பதா என்று முடிவு செய்தபோது நான் என் மனைவியைக் கேட்கவில்லை. எங்கள் ஊர்க் கொத்தனார் மட்டும் சொல்லிப் பார்த்தார்.

"கராருன்னா நீங்க கையெழுத்துப் போட்ட அன்னைக்கே வீடு முடிஞ்சு போவும், சாறே. நாள்கூலின்னா அக்காகிட்ட கேட்டுக் கேட்டுக் கட்டலாம்."

அந்தக் 'கேட்டுக் கேட்டு'க்குத்தான் எனக்குப் பயம். அடுத்த தெருவில் அப்படித் தொடங்கிய வீடு இரண்டு மழைக்காலம் கூரையில்லாமல் நின்றது. நான் பள்ளியில் இலக்கணம் நடத்துகிறவன். கராரை நானே எழுதினேன். 'கையெழுத்தான பின் எவ்வித மாற்றமும் கூடாது' என்ற வரியை அடிக்கோடிட்டேன். கையெழுத்தான மாலை, பாராட்டை எதிர்பார்த்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இதுல அடுக்களைக்கு வடக்க ஒரு சன்னல் உண்டா?" என்றாள்.

இல்லை.

"இருந்தா வயலு தெரியும். புகையும் போவும்."

"கையெழுத்தாயாச்சே" என்றேன்.

சுவர் ஆளுயரம் எழுந்தபோது, வடக்குச் சுவரில் கரித்துண்டால் ஒரு சதுரம் வரைந்திருந்தாள். கரார் எடுத்தவர் பார்த்துச் சிரித்தார். "அக்கா படம் போட்டிருக்காவ. நீங்க ஒரு வரி எழுதித் தந்தா வச்சிரலாம்."

ஒரே ஒரு வரி. நான் எழுதியதை நானே மீறுவதா என்று நினைத்தேன். "கராரில் உள்ளபடி செய்யும்" என்றேன். அவள் என் பின்னால்தான் நின்றிருந்தாள். பூச்சு வேலையில் சதுரம் மறைந்தது.

ஐந்து வருடம் அங்கே சமைத்தாள். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் காற்று புகையை ஓட்டிடுக்கு வழியாக உள்ளேயே திருப்பி அனுப்பும். சிவந்த கண்ணோடு பரிமாறுவாள். ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் நான் நியாயம் பேசியிருப்பேன். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

மாநிலம் பிரித்து எங்கள் ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்த்த வருடம், அவள் பிள்ளையோடு பிறந்த வீட்டுக்குப் போயிருந்த சமயம், பழைய கொத்தனாரை அழைத்து வந்து சுவரைக் காட்டினேன். கடப்பாரையைச் சாய்த்துவைத்துவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா வரட்டும். கேட்டுட்டு உடைக்கலாம்."

மறுநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாள்கூலிக்கா வந்திருக்கீரு?" என்று கொத்தனாரிடம் கேட்டாள். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தாள். சதுரம் இம்முறை ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது.

"அன்னைக்கு எனக்கு அளந்தேன்" என்றாள். "இப்போ பிள்ளைக்கும் எட்டணும்லா."

அரை நாளில் வேலை முடிந்தது.