அருமையான கோடு

குகைகளில் சொட்டுச் சொட்டாக வளரும் சுண்ணாம்புக் கல்லை அறுத்து, அதன் கோடுகளிலிருந்து பழங்காலத்து மழையைக் கணிப்பது என் வேலை.

குடவாசலில் அக்கா வீட்டில் சாப்பிடும்போது, அத்தானிடம் செல்போனில் ஒரு கல்லின் படத்தைக் காட்டினேன்.

"இந்த வெளுத்த கோட்டைப் பாருங்க அத்தான். வரிசையா பல வருஷம் மழையே இல்ல. இவ்ளோ அருமையான கோடு லேசுல கிடைக்காது!"

அவருடைய புழுதி விதைப்பு முளைத்து, தண்ணீரில்லாமல் கருகிக்கொண்டிருந்தது. அந்த வயலைத் தாண்டித்தான் நான் வந்திருந்தேன்.

பிசைந்த சோற்றிலேயே அவர் கை நின்றது. இடது கையால் படத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

"இவ்ளோ மெல்லிசா இருக்கே மாப்ள. அந்த வருஷமெல்லாம் வெதச்சவங்க என்ன ஆனாங்க?"

செல்போனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தேன்.

இன்றும் அப்படியொரு கோடு தென்பட்டால் மனம் துள்ளத்தான் செய்கிறது. அத்தானின் கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. எப்போதும் பிறகுதான்.