எண்ணெய் விரலில் துடித்தது

பார்லர் தொழிலில் கத்தரிக்கோலைவிட அதிகம் உழைப்பது விரல்தான். ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னப் பார்லர் நடத்துகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கவலைப்படுவதை மட்டும் விடவில்லை. இந்த அவஸ்தை உங்களில் பலருக்கும் இருக்கும், சகோதரிகளே!

கறுப்புப் புள்ளி

ஒரு அம்மாவின் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. "உடனே டாக்டரைப் பாருங்க!" என்று பதறிவிட்டேன். என்னோடு வேலை செய்யும் வசந்தி ஈரப் பஞ்சால் ஒரே இழுப்பு இழுத்தாள். அவளே சிந்திய ஹேர் டை! அந்த அம்மா எழுந்துகொண்டே சொன்னார்: "இனிமே இங்க வந்தா உயில் எழுதி வச்சுட்டுத்தான் வரணும் போல!"

காதுக்கு மேலே

ஸ்டெல்லா டீச்சருக்கு வேலை ஸ்ரீரங்கத்துப் பள்ளியில், வீடு பாலக்கரையில். பஸ் ஏறுமுன் எங்களிடம் எண்ணெய் மசாஜ் செய்துகொள்வார். அன்று வலது காதுக்கு மேல், முடிக்குள், அரை எலுமிச்சை அளவில் மெத்தென்று ஒரு புடைப்பு. விரலை வைத்தேன். துடித்தது!

"அலமாரிக் கதவு இடிச்சதுங்க," என்றார் டீச்சர்.

"எப்போ?"

"போன வருஷம்."

போன வருஷம் இடித்தது இன்னுமா வீங்கும்? ஆரம்பிக்காதே என்று வசந்தி சிரித்துக்கொண்டே கண்ணைக் காட்டினாள். அவள் விரலையும் பிடித்து அங்கே வைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டரைப் பார்க்காமல் இனி மசாஜ் கிடையாது என்று சொல்லிவிட்டேன். டீச்சருக்குக் கோபம்: "பாதித் தலை எண்ணெயோட ஆஸ்பத்திரிக்கா போகச் சொல்றீங்க?"

போன்

போனார்! ஸ்கேன், சதைப் பரிசோதனை எல்லாம் முடிந்து அவரே கூப்பிட்டார். புற்றுநோயாம். அதுவும் தலையில் தொடங்கியது இல்லையாம். கழுத்தில் இருக்கும் தைராய்டிலிருந்து மண்டை எலும்புக்குப் போயிருக்கிறதாம்.

"எத்தனை தடவை உங்க கழுத்தைப் பிடிச்சுவிட்டிருக்கேன், ஒண்ணும் தட்டுப்படலையே டீச்சர்!"

"எனக்கும்தான் தெரியல. வீடு கழுத்துலயாம், வாசல் தலையிலயாம்!"

மறுபடியும் நாற்காலியில்

கழுத்தில் ஆபரேஷன் ஆனது. கதிர்வீச்சு உள்ள அயோடின் மருந்து கொடுத்துத் தனி அறையில் வைத்திருந்தார்கள். சிகிச்சை இன்னும் பாக்கி. ஆனாலும் ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு டீச்சர் நிற்கிறார்! வசந்தி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கழுத்துத் தழும்பைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தார்: "டாக்டரைக் கேட்டுட்டுத்தான் வந்தேன், மீதிப் பாதித் தலைக்கு எண்ணெய் வைங்க."

இப்போது கொசு கடித்த தடிப்பைக் கண்டாலும் வசந்தி என்னைக் கூப்பிடுகிறாள். எங்கள் பார்லரில் பயந்தாங்கொள்ளிகள் இரண்டு பேர், கூட்டம் மட்டும் குறையவில்லை.