வாக்குமூலத்தில் இருந்த மர்டர்

நீதிமன்றத்தில் அவளுக்கு அகராதி அக்கா என்று பெயர். பத்தொன்பது வருஷமாக மொழிபெயர்ப்பு வேலை. தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லலாம். சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. வீட்டில் அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது என்பது வேறு கதை.

அன்றைக்குக் கூண்டில் நின்றவன் லாரி ஓட்டுநர். கிடங்கில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது தன் சொந்தத் தம்பி மேலேயே ஏற்றிவிட்டான். அதற்கு முந்தின வாரம்தான் வீட்டுப் பங்கு விஷயமாக இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. விடுவார்களா போலீஸ்காரர்கள்? கொலை வழக்காகப் போட்டுவிட்டார்கள். "ஐயோ, என் தம்பிய நானே கொன்னுட்டேனே!" என்று அவன் மாஜிஸ்திரேட் முன்னால் தலையில் அடித்துக்கொண்டு கதறியதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவள் இவள்தான்.

அரசு வக்கீல் அந்தத் தாளை எடுத்து வாசித்தார். "மர்டர் செய்தேன் என்று அவனே ஒத்துக்கொண்டிருக்கிறான்."

அவளுக்குப் பகீர் என்றது. கில் என்று எழுத வேண்டிய இடம் அது. கொலை வழக்குகளையே எழுதி எழுதி, கை தன்பாட்டுக்கு மர்டர் என்று போட்டிருக்கிறது. நாசமாய்ப் போன பழக்கம்! சும்மா இருந்தால் இவன் ஆயுசுக்கும் ஜெயிலில் கிடப்பான். வாயைத் திறந்தால் தன் வேலை போகும், மகளின் படிப்பு பாதியில் நிற்கும். ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"ஐயா, அந்த வார்த்தைய அவர் சொல்லல. நான் போட்டது. தப்பு என்னோடது."

"ஆள் செத்தது செத்ததுதானே? எந்த வார்த்தையா இருந்தா என்னம்மா?" என்று வக்கீல் எரிந்து விழுந்தார்.

"காய்ச்சல்கூடத்தான் ஆளக் கொல்லுது. அதுக்குக் கில்னு சொல்லலாம், மர்டர்னு சொல்ல மாட்டோம். மர்டர்னா கொல்லணும்னு மனசுல நெனச்சிருக்கணும். இவர் நெனச்சேன்னு சொல்லவே இல்லயே."

நீதிபதி அந்த வரியை அடிக்கச் சொன்னார். வேறு சாட்சி இல்லாததால் கொலைக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. கவனக்குறைவு வழக்கு மட்டும் நடக்கும் என்றார். அவள் செய்த தப்பைப் பற்றிய விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடமும் சொல்லிவிட்டார்.

ஜாமீனில் வெளியே வந்த ஓட்டுநர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்; அவனுக்கு ஆங்கிலம் தெரியாது.

"உள்ள என்னக்கா பேசிக்கிட்டீங்க?"

"நீ கொலகாரன் இல்லன்னு சொன்னேன்பா."

"கொன்னது நான்தானேக்கா" என்றான்.

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுதாள்.