காற்று நிற்காத லாரி

ஹெவி லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று நானாக ஆசைப்படவில்லை. ஒன்பது வருடமாகப் பால் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கடத்தூரைச் சுற்றியுள்ள பதினோரு ஊர்களில் கேன்களை ஏற்றிக்கொண்டு போய்க் குளிரூட்டும் நிலையத்தில் இறக்க வேண்டும். விடியற்காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. பசுவுக்கு ஞாயிறும் பண்டிகையும் தெரியாது என்பதால் எனக்கும் தெரியாமல் போய்விட்டது.

ஒருநாள் வேன் முதலாளி கூப்பிட்டு, இனிமேல் கேன் கிடையாது, ஊருக்கு ஊர் பெரிய தொட்டி வைக்கப் போகிறார்கள், டேங்கர் லாரிதான் ஓடும் என்றார்.

"ஹெவி எடுத்துட்டா நீங்களே ஓட்டுங்க. இல்லன்னா நான் வேற ஆளு பாக்கணும். தப்பா நெனச்சிக்காதீங்க."

தப்பாக நினைக்க நேரமில்லை. அடுத்த வாரமே அரூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. காலை நடை முடிந்து வேனைக் கழுவி நிறுத்திவிட்டு பஸ் ஏறினால் பதினோரு மணிக்கு வகுப்பு. ஒரு மணிக்குத் திரும்பினால்தான் சாயங்கால நடைக்குச் சரியாக இருக்கும். சோறு பஸ்ஸில்தான். பெரும்பாலும் டப்பாவைத் திறக்கும் முன்பே தூங்கிவிடுவேன். அரூர் வந்ததும் கண்டக்டர் இருக்கையைத் தட்டி எழுப்புவார்.

சொல்லிக்கொடுத்த மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அக்கா என்றே கூப்பிடுவார். கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. லாரிதான் கிழம். கிளட்சை மிதிக்க இடுப்பிலிருந்து பலம் கொடுக்க வேண்டும். நான் குள்ளம். பழைய போர்வை ஒன்றை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்து ஓட்டினேன். பத்தாம் நாள் இடது முழங்கால் வீங்கிவிட்டது. தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் போனேன்.

வண்டியில் ஏறும் முன் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும் என்பதுதான் மாஸ்டரின் முதல் பாடம். இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக் கேட்க வேண்டும். காற்றுள்ள டயர் 'டங்' என்று திருப்பித் தள்ளும், காற்றில்லாதது கம்பியை வாங்கிக்கொள்ளும். வீல் நட்டின் அடியில் துரு கோடாக வழிந்திருந்தால் அது லூசாக இருக்கிறது என்று அர்த்தம். பின்பக்கம் ஜோடி டயருக்கு நடுவில் கல் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்து காட்டினார். கடைசியாக ஒன்றை மட்டும் வாயால் சொல்லிவிட்டு விட்டுவிட்டார். அதாவது, எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே இருந்து, காற்று அளவைக் காட்டும் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது.

லாரிக்கு பிரேக் பிடிப்பது காற்றில்தான். காற்று போனால் பிரேக் போகும். எங்கள் மாவட்டத்தில் இதைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, கவிழ்ந்த லாரியைக் கிரேன் தூக்கும்வரை காத்திருக்காத ஆள் இங்கே குறைவு.

இரண்டாம் வாரத்தில், லாரி சும்மா நிற்கும்போது முள் மெதுவாக இறங்குவதைப் பார்த்தேன்.

"மாஸ்டர், முள்ளு எறங்குதுங்களே?"

"பழைய வண்டிங்க அக்கா. லேசா ரேஸ் குடுத்துக்கிட்டே இருங்க, ஏறிடும்."

ரேஸ் கொடுத்தேன், ஏறியது. அதன்பிறகு கேட்கவில்லை. கேட்கும் தெம்பும் இல்லை. பயிற்சி முடியும்வரை அந்த வண்டியைத்தான் நானும் ஓட்டினேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

டெஸ்ட் ஒரு செவ்வாய்க்கிழமை. ஸ்கூலின் அதே லாரியில் டெஸ்ட் கொடுக்க ஒன்பது பேர் போயிருந்தோம், பெண் நான் ஒருத்தி. டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டருக்கு ஏதோ மீட்டிங் என்று மைதானத்து ஓரத்தில் ஒரு புங்க மரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு டிராக்டர் டிரைவர். ஐம்பது தாண்டியவர். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். விடியும் முன்பே கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஜல்லி கிரஷர் லாரியில் வேலை இருப்பதாகத் தங்கை மகன் சொல்லியிருக்கிறானாம். தன் புளிச்சோற்றில் பாதியை இலையில் வைத்து என் பக்கம் தள்ளினார். நான் சாப்பிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவரும் களைத்துப் போய்த்தான் இருந்தார். கண்ணாடியைக் கழற்றி மூக்கைப் பிசைந்துவிட்டு, ஒவ்வொருவராக வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறி ஓட்டும்படி சொன்னார். முதல் இரண்டு பேரும் மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார்கள். டயர் நல்லா இருக்குங்க, நட்டு நல்லா இருக்குங்க, பிரேக் நல்லா இருக்குங்க. ஏறி ஓட்டினார்கள், இறங்கினார்கள், பாஸ்.

மூன்றாவது நான். தட்டிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன். லாரி அப்போது எஞ்சின் நிறுத்தி நின்றது. ஏறி பிரேக்கை மிதித்துப் பிடித்தேன். முள் இறங்கியது. பின்னால் இடது சக்கரத்துப் பக்கமிருந்து சீறுவது எனக்கே கேட்டது.

"பிரேக் எப்படிம்மா இருக்கு?" என்று கீழே நின்று கேட்டார்.

நல்லா இருக்குங்க என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பிறகு பலர் எனக்குத் தைரியம் என்று சொன்னார்கள். தைரியமெல்லாம் இல்லை. காலையிலிருந்து ஏழு ஊரில் பால் ஏற்றிவிட்டு, மீதி நான்கு ஊரை இன்னொருத்தரிடம் கெஞ்சி ஒப்படைத்துவிட்டு, வெயிலில் காய்ந்து உட்கார்ந்திருந்த அலுப்பு. ஒரு பொய்யைச் சொல்லி, அதற்கேற்ற முகத்தையும் வைத்துக்கொள்ள உடம்பில் தெம்பில்லை.

"காத்து நிக்கலீங்க சார். பின்னாடி எடது பக்கம் லீக்கு இருக்குது."

"எடுக்கறீங்களா, மாட்டீங்களா?"

"இந்த வண்டிய எடுக்க முடியாதுங்க சார்."

அவர் என்னை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறினார். பிரேக்கை மிதித்தபடி ஒரு கண் கைக்கடிகாரத்திலும் ஒரு கண் முள்ளிலுமாகக் கொஞ்ச நேரம் இருந்தார். இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துப் பக்கத்தில் குனிந்து காது கொடுத்தார்.

"மாஸ்டர், இந்த வண்டியில இனிமே யாருக்கும் டெஸ்ட் கெடையாது. சரி பண்ணி எடுத்துட்டு வாங்க. ஓட்டினவங்க ஓட்டினதுதான், மத்தவங்க அப்புறமா வாங்க."

நான்காவதாக நின்றிருந்தவர் அந்த டிராக்டர் டிரைவர். கையிலிருந்த காகிதங்களைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ஏம்மா, ஒரு சுத்து ஓட்டிட்டு எறங்கியிருக்கலாமில்ல? மைதானத்துக்குள்ள, மாட்டு வண்டி வேகத்துல. அதுல என்னா ஆயிடப்போவுது?"

"ஒன்னும் ஆயிருக்காதுங்க."

"அப்புறம் ஏன்?"

"பிரேக் எப்படி இருக்குதுன்னு கேட்டாருங்க. நல்லாயிருக்குதுன்னு சொல்ல வாய் வரல."

"எனக்கு மறுபடி ரெண்டு பஸ்சு, மறுபடி ஒரு நாளு வேலை போச்சி. ஒங்களுக்கு என்னா, பக்கத்து ஊரு."

அவருடைய புளிச்சோறு வயிற்றில் கிடந்தது. மாஸ்டர் என்னைப் பார்க்காமலே லாரியை எடுத்துக்கொண்டு போனார். நான் பஸ் பிடித்து வந்து சாயங்கால நடைக்கு ஓடினேன். முக்கால் மணி நேரம் தாமதம். முதல் ஊரில் கேனோடு காத்திருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் ஹாலோபிளாக் சிமெண்ட் கல் அறுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். அன்று சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன்.

"சரியாத்தான சொல்லியிருக்கிற. அப்புறம் என்னா?" என்றார்.

"சரியா சொன்னதுக்கப்புறம்தான் ரொம்ப அலுப்பா இருக்குது."

அவர் ரசத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுபடி வகுப்புக்குப் போக எனக்கு மனமில்லை. கட்டிய பணத்துக்காகப் போனேன். இரண்டு நாள் மாஸ்டர் ஏறுங்க, எறங்குங்க என்பதற்கு மேல் பேசவில்லை. அக்காவும் இல்லை. மூன்றாம் நாள், லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடி பேசினார்.

"பின்னாடி எடது பிரேக்குக்குள்ள ரப்பரு கிழிஞ்சிருந்துச்சிங்க. நாலு வெரல் நீளத்துக்கு."

நான் எஞ்சினை நிறுத்தினேன்.

"ஆறு மாசமா அதுலதான் எல்லாரையும் ஒக்கார வச்சேன். போன மாசம் ஒருத்தருக்குப் பழக்கம் வரட்டும்னு மலை ரோட்டுக்குக்கூடக் கூட்டிக்கிட்டு போனேன்."

அவர் கை மடியில் சும்மா கிடந்தது. பேசியவருக்கு வயது குறைந்து போனது போல இருந்தது. பிறகு, "எடுங்க அக்கா" என்றார். எடுத்தேன். அன்றிலிருந்து தினமும் எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, அவரே முள்ளைப் பார்த்தார்.

இரண்டாவது டெஸ்டில் நான் ஃபெயில். சுற்றிப் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. நட்டிருந்த கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கும்போது பின் சக்கரம் ஓரத்துக் கல்லில் ஏறிவிட்டது. இன்ஸ்பெக்டர் என்னை அடையாளம் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல், "அடுத்த தடவை வாங்கம்மா" என்றார். எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. அன்று டிராக்டர் டிரைவர் பாஸ் செய்துவிட்டார். ஒரே வளைப்பில் லாரியைக் கோட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். போகும்போது என் பக்கம் வந்து நின்றார். பழைய கோபம் முழுதாகப் போயிருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

"கண்ணாடியில பின் சக்கரத்தையே பாருங்க. கம்பத்த பாக்காதீங்க. கம்பம் எங்கியும் போவாது."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை சக்கரத்தையே பார்த்தேன். பாஸ்.

அதற்குள் டேங்கர் வந்துவிட்டது. பாலை நிறுத்தி வைக்க முடியாது என்று முதலாளி அரூர்ப் பக்கமிருந்து ஒரு டிரைவரை வைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னபோது அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் அந்த டிரைவருக்கு ஓய்வு, அந்த இரண்டு நாள் டேங்கர் என் கையில் என்று முடிவானது. மற்ற நாட்களில் டேங்கர் திரும்ப முடியாத நான்கு ஊர்களுக்கு அதே பழைய வேன், அதே கேன். சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை.

லைசென்ஸ் அட்டை தபாலில் ஒரு சனிக்கிழமை வந்தது. போட்டோவில் கண் பாதி மூடியிருந்தது. வீட்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். மறுநாள் ஞாயிறு. காலை நடை முடிந்து வந்து, பூசைக்குப் போகலாம் என்று சேலையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். பக்கத்தில் கொஞ்சம் சாய்ந்தேன். மாதா கோவில் மணி இரண்டு தடவை அடித்தது காதில் விழுந்தது. யாரும் என்னை எழுப்பவில்லை.