சேவல் மார்க் பன்னீர் சோடா

பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியைத் திருகியதும் பன்னீர் வாசனை வந்தது. படுக்கையில் கிடக்கும் அப்பா மூன்று நாளாக எதையும் விழுங்கவில்லை. "சேவல் மார்க் சோடா மட்டும் குடு தாயி" என்கிறார். மதுரையில் அந்தக் கம்பெனியை மூடி எத்தனையோ வருடமாகிறது. சென்னையில் பன்னீர் சோடா கேட்டால் ஒருவன் ரோஸ்மில்க்கை எடுத்து நீட்டுகிறான். கடைசியில் வேறு ஏதோ கம்பெனியின் இந்தப் பாட்டில்தான் கிடைத்தது.

எழுபதுகளில் எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பன்னும் சேவல் மார்க்கும்தான். எட்டு வயதில் டைபாய்டு வந்தபோது நானும் அதைக் கேட்டுத்தான் அழுதேன். அன்று அழகர் ஆற்றில் இறங்கும் நாள். எங்கள் பக்கம் ஒரு கடையும் திறக்கவில்லை. வெயிலில் அலைந்துவிட்டு வந்த அப்பா நேராக அடுப்படிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கோலி சோடா பாட்டிலோடு வந்தார்.

"கடையிலயே ஒடச்சு வாங்கியாந்துட்டேன் தாயி. குடி."

வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது. கேஸே இல்லை. சாமி அலமாரிப் பன்னீரைச் சீனித் தண்ணீரில் கலந்து, முந்தின நாள் காலி பாட்டிலில் ஊற்றியிருக்கிறார். வேர்வையில் நனைந்த சட்டையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதேதான்ப்பா" என்று சொல்லி அம்புட்டையும் குடித்தேன்.

இப்போது பிளாஸ்டிக் பாட்டில் சோடாவை டம்ளரில் ஊற்றி, ஒரு கரண்டி அவர் வாயில் விட்டேன்.

"சேவல் மார்க்குப்பா. மதுரையிலருந்து வந்துச்சு."

அப்பா என் முகத்தையே பார்த்தார்.

"அதேதான் தாயி" என்றார்.

அடுத்த கரண்டிக்கு வாயைத் திறக்கவில்லை.